மருந்து ஓய்ந்த காலம்

நோய் கண்டவுடன் மருந்தைத் தொடங்குவதும் நோய் நீங்கியவுடன் அதை நிறுத்துவதும் மனித குலம் அநாதி காலமாக அனுசரித்து வந்த முறை. நோய் முற்றிலும் நீங்கிவிட்டது என்று உறுதி கூற முடியாமலும், ஆயினும் அது இருப்பதற்கான அடையாளம் எதையும் ரத்தத்தில் காட்ட முடியாமலும் இருக்கிற ஒரு நடு நிலையில், வைத்தியரும் நோயாளியும் கலந்து ஆலோசித்து, பல வருஷங்கள் நாள் தவறாமல் உட்கொண்டு வந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, அதன் பிறகு மாதா மாதம் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டே சாதாரண வாழ்க்கை வாழ்வது என்பது இந்த நூற்றாண்டில்தான் வைத்திய சாஸ்திரத்துக்குச் சாத்தியமாயிற்று. ரத்தப் புற்றுநோய்களுள் நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்னும் வகையிலேதான் இந்த முறை மிகுந்த ஜாக்கிரதையோடு ஆராயப்பட்டிருக்கிறது. ஆகையால், மருந்து ஓய்ந்த காலத்தை நன்றாக வாழ்வது எப்படி என்று கேட்பவர்களுக்கு அந்த வகையின் வரலாற்றையே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அந்த ஓய்வுக்குள் என்ன நடக்கிறது என்பதை விளக்காமல், நிம்மதியாக இருங்கள் என்று மட்டும் ஒருவரிடம் சொல்வது, என் அபிப்பிராயத்தில், அவருடைய அறிவுக்குச் செய்யும் அநியாயம்.

1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், இந்நோய் கண்டவர்களுடைய ரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்துக்கு மாறாகக் குறுகியிருப்பதைக் கண்டார்கள். அந்த நகரின் பெயராலேயே அது பிலடெல்பியா குரோமோசோம் என்று வழங்கலாயிற்று. குறைந்துபோன துண்டு எங்கே சென்றது என்ற கேள்விக்கு விடை கிடைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற பெண்மணி, குழந்தைகளை வளர்த்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்து வந்தவர், குரோமோசோம்களின் புகைப்படங்களைக் கத்தரித்துத் தம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின்மீது வரிசைப்படுத்தி ஆராய்ந்து, 22ஆம் குரோமோசோமில் காணாமற்போன துண்டு 9ஆம் குரோமோசோமின் நுனியில் ஒட்டியிருக்கிறது என்பதைக் கண்டு 1973இல் வெளியிட்டார். இவ்விரண்டு குரோமோசோம்களும் தம் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது, தனித்தனியே இருக்கவேண்டிய இரு ஜீன்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. அந்த இணைப்பு ஜீனிலிருந்து பிறக்கும் புரதம், அணுவைப் பெருகச் செய்யும் ஆணையை ஓயாமல் பிறப்பித்துக்கொண்டேயிருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்கள் வரம்பின்றிப் பெருகுவதும், மண்ணீரல் வீங்குவதும், சில ஆண்டுகள் மந்தமாக இருந்த வியாதி பிறகு உக்கிர நிலையை அடைவதும் எல்லாம் அந்த ஒரு புரதத்தின் விளைவுகளே.

காரணம் ஒன்றே என்பதனால் மருந்தும் ஒன்றே போதுமானதாயிற்று. ஸ்விட்சர்லாந்தின் சீபா-கைகி நிறுவனத்தில் நிக்கலஸ் லைடனும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய இமாடினிப் என்ற இரசாயனப் பொருளை, பிரையன் ட்ரூக்கர் என்ற வைத்தியர் அமெரிக்காவின் போர்ட்லந்து நகரில் 1998 ஜூன் மாதம் முதல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தினம் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்ற 54 பேரில் 53 பேருடைய ரத்த எண்ணிக்கை சமநிலைக்குத் திரும்பிற்று. 2001 மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் இந்த மருந்துக்கு அனுமதி அளித்தது. முற்காலத்தில் நாலைந்து ஆண்டுகளே ஆயுள் என்று கணிக்கப்பட்டவர்களில், இந்த மாத்திரையை முதல் சிகிச்சையாகப் பெற்றவர்களுள் நூற்றுக்கு 83 பேர் பத்து ஆண்டுகள் கழித்தும் உயிரோடிருந்தார்கள் என்று பிறகு வெளியான கணக்கு தெரிவிக்கிறது. வைத்திய வரலாற்றில் இத்தகைய மாறுதல் அபூர்வம்.

இந்த மருந்தின் சரித்திரத்தில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. இதற்கு இந்தியாவில் காப்புரிமை கோரி வந்த விண்ணப்பத்தைச் சென்னையிலுள்ள காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. அந்த வழக்கு பல படிகள் ஏறி, 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பால் அதே முடிவில் நிலைபெற்றது. இந்நாட்டு நிறுவனங்கள் தயாரிக்கும் மாத்திரை, மூல நிறுவனத்தின் விலையில் ஒரு சிறு பின்னத்துக்குக் கிடைப்பதற்கு வழி திறந்திருப்பது இதனால்தான். விலையைப் பற்றி இங்கே பேசுவது விஷயத்துக்குப் புறம்பானதன்று. மருந்தை நிறுத்தும் யோக்கியதை, அதை இடைவிடாமல் பெற்று உட்கொண்டவர்களுக்கே வாய்க்கிறது. பணமில்லாமையால் விட்டுவிட்டு மருந்து உண்டவர்களுக்கு வாய்ப்பதில்லை.

நல்ல மருந்தாயினும் அது சாதுவான மருந்தன்று. காலையில் கண்ணிமைகள் வீங்கியிருப்பது, நள்ளிரவில் கெண்டைக்கால் சதை இழுத்துக்கொள்வது, குமட்டல், வயிற்றுப்போக்கு, எவ்வளவு உறங்கினாலும் தீராத சோர்வு ஆகியவை இமாடினிப் உண்பவர்கள் பலருக்கும் பரிச்சயமானவை. இவற்றில் எதுவும் உயிருக்கு ஆபத்தானதன்று என்று சொல்லி வைத்தியர் நகர்ந்துவிடலாம். ஆனால் பத்து நாள் பொறுத்துக்கொள்ளக்கூடிய உபத்திரவத்தைப் பத்து வருஷம் பொறுத்துக்கொள்வது வேறு காரியம். இந்தியாவில் இந்நோய் மேலை நாடுகளைக் காட்டிலும் இளம் வயதிலேயே காணப்படுகிறது. முப்பது வயதில் மாத்திரை தொடங்கிய ஒருவருக்கு, ஆயுள் முழுவதும் என்ற வார்த்தை நாற்பது ஐம்பது ஆண்டுகளைக் குறிக்கும். நிறுத்தலாமா என்ற கேள்வி நோயாளிகளின் உள்ளத்திலேதான் முதலில் எழுந்திருக்கவேண்டும்.

அந்தக் கேள்விக்குத் தாமாகவே விடை சொல்லிக்கொண்டவர்களும் உண்டு. ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று வாரத்தில் இரண்டு நாள் மாத்திரையை விட்டுவிடுவது, பிரயாணத்தின்போது எடுத்துச் செல்லாமலிருப்பது, விரத நாளில் தவிர்ப்பது போன்ற சிறு ஓய்வுகளைப் பற்றி லண்டனிலுள்ள ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. 87 நோயாளிகளுக்கு, மூடியில் நுண்ணிய மின்னணுச் சில்லு பொருத்திய மருந்துப் புட்டிகளைக் கொடுத்து, புட்டி எப்போதெல்லாம் திறக்கப்பட்டது என்பதை மூன்று மாத காலம் பதிவு செய்தார்கள். விதித்த மருந்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் உண்டவர்களில் நூற்றுக்கு 94 பேருக்கு மேல் ஆறாண்டுகளில் நோய்க்குறி ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்த அளவுக்குக் குறைவாக உண்டவர்களிலோ நூற்றுக்கு 28 பேருக்கே அந்தப் பலன் கிட்டிற்று. மாதத்தில் மூன்று நாள் மறந்தால் இவ்வளவு பெரிய வித்தியாசம் ஏற்படுகிறது. 2010இல் வெளியான இந்த முடிவை, மருந்தை நிறுத்துவதைப் பற்றி ஆலோசிக்கும் ஒவ்வொருவரும் முதலில் அறிந்திருக்கவேண்டும் என்று நான் கருதுகிறேன். தானே எடுத்துக்கொள்ளும் அரைகுறை ஓய்வு நோய்க்கு இடம் கொடுக்கிறது; இனி நாம் பேசப்போகும் ஓய்வு அதற்கு நேர்மாறான கட்டுப்பாட்டில் பிறந்தது.

பிரான்ஸ் தேசத்தில் பிலிப் ரூஸ்லோ என்பவரும் அவருடைய குழுவினரும், இரண்டாண்டுகளுக்கு மேல் ரத்தத்தில் நோய்க்குறியே புலப்படாதிருந்த 12 பேருக்கு மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். ஆறு பேருக்கு ஐந்து மாதங்களுக்குள் நோய்க்குறி திரும்பிற்று. ஆறு பேருக்குத் திரும்பவில்லை. இந்தச் சிறிய ஆரம்பத்தை வைத்துக்கொண்டு, போர்டோ நகரின் பிரான்ஸ்வா-சேவியே மஹோன் தலைமையில் 2007 ஜூலையில் ஒரு பெரிய பரிசோதனை தொடங்கியது. நூறு பேர் மருந்தை நிறுத்தினார்கள். 2010இல் வெளியான முதல் அறிக்கையில், ஓராண்டுக்குக் குறையாமல் கவனிக்கப்பட்ட 69 பேரில் 42 பேருக்கு நோய்க்குறி திரும்பியிருந்தது. அந்த 42 பேரில் 40 பேருக்கு அது முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே திரும்பிவிட்டது. மருந்தை மீண்டும் தொடங்கியவுடன் அவர்கள் அனைவரிடத்திலும் அது பழையபடி வேலை செய்தது. ஐந்தாண்டுகள் கடந்த பிறகும், நிறுத்திய நூறு பேரில் ஏறக்குறைய 38 பேர் மருந்தின்றியே நோய்க்குறியில்லாமல் இருந்தார்கள்.

நோயாளிக்கு இந்த எண்களில் மறைந்திருக்கும் மூன்று செய்திகள் மிக முக்கியமானவை. நோய் திரும்புவதானால் பெரும்பாலும் சீக்கிரமாகவே திரும்புகிறது. திரும்பும்போது அது உடம்பில் தெரியாமல் பரிசோதனையில் மட்டும் தெரியும் சூக்ஷ்ம நிலையிலேயே பிடிபடுகிறது. பிடிபட்டவுடன் மருந்தைத் தொடங்கினால் அது மறுபடியும் அடங்கிவிடுகிறது. இம்மூன்றும் சேர்ந்திருப்பதனால்தான் மருந்தை நிறுத்துவது சூதாட்டமாகாமல் சிகிச்சையின் ஒரு பகுதியாகிறது. பிற்பாடு ஐரோப்பாவில் 11 நாடுகளைச் சேர்ந்த 61 நிலையங்களில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய பரிசோதனையிலும், ஆறு மாத முடிவில் நூற்றுக்கு 61 பேரும் இரண்டாண்டு முடிவில் நூற்றுக்கு 50 பேரும் மருந்தின்றி நிலைத்திருந்தார்கள். நிறுத்துவதற்கு முன் ஆழ்ந்த நிலையில் எவ்வளவு காலம் இருந்தார்களோ அவ்வளவுக்கு நிலைத்திருக்கும் வாய்ப்பும் கூடியிருந்தது.

ஆழ்ந்த நிலை என்பதை அளப்பது எப்படி? இணைப்பு ஜீனின் நகலை ரத்தத்தில் தேடிக் கணக்கிடும் பி.சி.ஆர். பரிசோதனையில், லட்சம் அணுக்களுக்கு இடையே ஒன்று நோயணுவாக இருந்தாலும் கண்டுபிடிக்க முடியும். உலகெங்கும் ஒரே அளவுகோலில் சொல்லவேண்டும் என்பதற்காக, சிகிச்சை தொடங்குமுன் இருக்கும் பொது அளவை நூறு என்று கொண்டு, அதிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சதவிகிதத்தில் எழுதுகிறார்கள். 0.1 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.01 என்றால் பதினாயிரத்தில் ஒரு பங்கு, 0.0032 என்றால் ஏறக்குறைய முப்பதினாயிரத்தில் ஒரு பங்கு. ஐரோப்பிய வல்லுநர்கள் 2020இல் வகுத்த நெறிகளின்படி, இமாடினிப்பை ஐந்தாண்டுகளுக்கு மேல் உண்டு, 0.01 அல்லது அதற்கும் கீழே இரண்டாண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்து, நோய் ஒருபோதும் உக்கிர நிலைக்குச் செல்லாமலிருந்தவர்களே நிறுத்துவதைப் பற்றி ஆலோசிக்கலாம். நிறுத்தியபின் முதல் ஆறு மாதம் மாதந்தோறும், அடுத்த ஆறு மாதம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறையும், அதற்குப் பின் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பரிசோதனை வேண்டும். இந்தப் பரிசோதனை நம்பகமான முறையில், விரைவாக விடை தரும்படி கிடைக்காத ஊரில் இருப்பவர் மருந்தை நிறுத்தலாகாது. இதில் சலுகைக்கு இடமில்லை. மாத்திரைக்குப் பதிலாக அவரைக் காப்பது அந்தப் பரிசோதனைதான்.

இனி, பலருடைய தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். சென்ற மாதம் ஒன்றும் புலப்படவில்லை, இந்த மாதம் 0.003 என்று வந்திருக்கிறது, அடுத்த மாதம் 0.008 ஆகிறது என்றால் அது நோய் திரும்புவதுதானா? ஆரம்பத்தில் பிரெஞ்சு வைத்தியர்களே அப்படித்தான் எண்ணி, சிறிது தென்பட்டவுடன் மருந்தைத் தொடங்கினார்கள். பிறகு ரூஸ்லோவின் குழு 80 பேரைக் கவனித்து 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 0.1 என்ற எல்லையைத் தாண்டினால் மட்டுமே மருந்து என்று வைத்துக்கொண்டு பார்த்தபோது, மூன்றாண்டு முடிவில் நூற்றுக்கு 61 பேர் மருந்தின்றி இருந்தார்கள். அந்த எல்லைக்குக் கீழே எண்கள் ஏறுவதும் இறங்குவதுமாக ஆண்டுக்கணக்கில் அலைந்துகொண்டிருந்தவர்கள் பலருக்கு நோய் திரும்பவேயில்லை. ஆகவே எண் பூஜ்யமாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது அநாவசியமான வேதனை. 0.1க்குக் கீழே இருக்கிறதா, தொடர்ந்து ஒரே திசையில் ஏறிக்கொண்டு போகிறதா என்ற இரண்டையும் மட்டும் வைத்தியரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டால் போதும்.

அலையும் அந்தச் சிறு எண் எங்கிருந்து வருகிறது? கிளாஸ்கோவைச் சேர்ந்த டெஸ்ஸா ஹோலியோக் என்ற பெண் வைத்தியர் 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதை விளங்கவைத்தது. பெருகிக்கொண்டிருக்கும் நோயணுக்களுக்கு நடுவே, பெருகாமலும் சாகாமலும் உறங்கிக்கிடக்கும் மூல அணுக்கள் சில இருக்கின்றன என்று அவர் காட்டினார். வயலில் கோரையைப் பிடுங்கிய உழவன் மேலே பச்சை ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக மண்ணுக்கடியில் கிழங்கு இல்லையென்று சொல்லமாட்டான். இமாடினிப்பும் பெருகும் அணுக்களை அழிக்கிறதே தவிர, உறங்கும் மூல அணுக்களை வேரோடு அழிப்பதில்லை. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள், மருந்தின்றி நெடுங்காலம் நலமாக இருந்தவர்களின் ரத்தத்திலேயே, சாதாரணப் பரிசோதனையைவிட நுட்பமான முறையால் தேடி, இணைப்பு ஜீன் இன்னும் இருப்பதைக் கண்டார்கள். நோயணு இருக்கிறது, ஆயினும் நோய் இல்லை. இதைக் கேட்டு அஞ்சவேண்டியதில்லை என்பதற்கு இன்னொரு உண்மை துணை நிற்கிறது: ஒரு நாளும் லுகேமியா வராத, ஆரோக்கியமான பெரியவர்கள் சிலருடைய ரத்தத்திலும் இதே இணைப்பு ஜீன் மிக மிகச் சிறிய அளவில் காணப்பட்டிருக்கிறது.

அப்படியானால் நோயைத் தடுத்து வைத்திருப்பது எது? பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரத்து ஆராய்ச்சியாளர்கள், மருந்தை நிறுத்தியும் நிலைத்திருந்தவர்களின் ரத்தத்தில், அந்நிய அணுக்களையும் கெட்டுப்போன அணுக்களையும் கொல்லும் இயற்கைக் கொல்லணுக்கள் முதிர்ந்த நிலையில் அதிகமாயிருப்பதைக் கண்டார்கள். நம் சரீரத்தின் பாதுகாப்புச் சக்தி, மாத்திரை விட்ட இடத்திலிருந்து காவலை ஏற்றுக்கொள்கிறது என்பதே இதன் பொருள். இந்தச் செய்தியைத் திரித்து, பாதுகாப்புச் சக்தியைப் பெருக்கும் லேகியம், சூரணம், பானம் என்று விற்பவர்கள் ஏராளம். எந்த உணவும், எந்தச் சூரணமும் இந்நோய் திரும்பாமல் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. அவற்றுள் சில கல்லீரலைக் கெடுக்கலாம்; சில, பிற்காலத்தில் மாத்திரையை மீண்டும் தொடங்கும்போது அதன் வலிமையைக் குறைத்துவிடலாம். எதை உண்டாலும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

நிறுத்திய முதல் வாரங்களில் நேரும் ஒரு வேடிக்கையான அனுபவத்துக்கு நோயாளியை முன்னமே தயார்ப்படுத்தியிருக்கவேண்டும். மாத்திரையின் தொல்லைகள் நீங்கும், உடம்பு இலேசாகும் என்று எதிர்பார்த்திருந்தவருக்குத் தோளிலும் இடுப்பிலும் முழங்காலிலும் விரல் கணுக்களிலும் வலி எடுக்கத் தொடங்குகிறது. படுக்கையில் புரள முடியவில்லை, காலையில் எழுந்து நடக்க முடியவில்லை. நோய்தான் எலும்புக்குள் திரும்பிவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்வது இயல்பு. ஸ்வீடன் தேசத்தின் யோஹான் ரிக்டர் 2014இல், இமாடினிப்பை நிறுத்திய 50 பேரில் 15 பேருக்கு இவ்வலி கண்டதை முதன்முதலாக எடுத்துக்காட்டினார். மருந்து நின்றதனால் வரும் வலி இது; நோய் திரும்பியதன் அடையாளமன்று. சாதாரண வலி மாத்திரைகளாலேயே பலருக்கு அடங்கிவிடும். சிலருக்குச் சிறிது காலம் ஸ்டீராய்டு வேண்டியிருக்கலாம். சில மாதங்களில் பெரும்பாலும் தானே தணிந்துவிடும். இதை முன்கூட்டியே சொல்லாத வைத்தியர் தம் நோயாளியை வீணான திகிலுக்கு ஆளாக்குகிறார்.

மற்றபடி, பெரும்பாலோருக்கு இக்காலம் உடம்பு திரும்பக் கிடைக்கும் காலம். முகத்து வீக்கம் வடிகிறது, இரவில் சதை பிடிப்பது நிற்கிறது, பசி சுத்தமாகிறது. இந்த மீட்சியை வெறுமனே அனுபவித்துவிட்டுப் போகாமல் பயன்படுத்திக்கொள்ளவேண்டும் என்பது என் விருப்பம். பல வருஷச் சோர்வால் தளர்ந்த தசைகள், நாள்தோறும் சிறிது நேரம் விறுவிறுப்பாக நடப்பதாலும் பாரம் தூக்கும் எளிய பயிற்சிகளாலும் சில மாதங்களில் உறுதிப்படுகின்றன; புற்றுநோய் சார்ந்த சோர்வுக்கு உடற்பயிற்சியைப்போல் பலன் தரும் வழிகள் குறைவு. போடவேண்டிய தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாமல் போட்டுக்கொள்ளலாம். இமாடினிப்புக்குப் பின் வந்த நிலோடினிப் போன்ற மருந்துகளை உண்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அம்மருந்துகள் ரத்தக் குழாய்களை அடைக்கும் தன்மையுடையவை. ஆதலால் அவற்றை நிறுத்திய பின்னும் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை அளந்து சீராக வைத்துக்கொள்வதும், புகையிலையை அறவே விடுவதும் அவசியம். லுகேமியாவிலிருந்து தப்பிய ஒருவர் மாரடைப்புக்கு இரையாவது, முன்யோசனையால் தடுக்கக்கூடிய துயரம்.

பெண்களுக்கு இந்த ஓய்வு தரும் வரம் தனியானது. கருவின் அவயவங்கள் உருவாகும் காலத்தில் இமாடினிப் உடம்பில் இருப்பது சிசுவுக்கு ஆபத்து. மாத்திரை உண்ணும் வரையில் கருத்தரிக்கலாகாது என்பது விதி. நோய் ஆழ்ந்து அடங்கியிருக்கும் பெண் மருந்தை நிறுத்தி, சில மாதங்கள் எண் நிலைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, வைத்தியரோடு கலந்து கருத்தரிக்க முடிகிறது. கர்ப்ப காலத்தில் எண் உயர்ந்தாலும், சிசுவைப் பாதிக்காத இன்டர்பெரான் என்ற பழைய மருந்து கைகொடுக்கும். கல்யாணமாகிச் சில ஆண்டுகளில் இந்நோய் கண்டு, புகுந்த வீட்டாரின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் குமைந்த பெண்களுக்கு இந்தச் செய்தி எவ்வளவு பெரிது என்பதை நான் விவரிக்கவேண்டியதில்லை. இதை அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், நோய் கண்ட முதல் ஆண்டிலேயே சொல்லிவைப்பது வைத்தியரின் கடமை.

உள்ளத்தின் பாடு உடம்பின் பாட்டைவிடக் கடினமானது. மாத்திரை என்பது கைக்குத் தெரியும் ஒரு பாதுகாப்பு. அது நின்றவுடன், இரவு உணவுக்குப் பின் அந்த நேரத்தில் கை தானாக அலமாரிக்குப் போவதும், ஒன்றும் செய்யாமல் இருக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சி எழுவதும் உண்டு. ரத்தம் கொடுத்த நாளுக்கும் ரிப்போர்ட் வரும் நாளுக்கும் இடையிலுள்ள நாட்களில் மனம் வேறு எதிலும் நிற்பதில்லை. இதற்குச் சிலர் நல்ல உபாயங்களைக் கண்டிருக்கிறார்கள். பரிசோதனைத் தேதிகளை ஓராண்டுக்கு முன்கூட்டியே குறித்துக்கொண்டு அவற்றுக்கு இடைப்பட்ட நாட்களில் நோயைப் பற்றிப் பேசுவதில்லை என்று குடும்பத்தோடு தீர்மானித்துக்கொள்வது ஒன்று. விடையை முதலில் யார் பார்ப்பது, எந்த எண் வந்தால் என்ன செய்வது என்பதை அமைதியான நாளிலேயே வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது மற்றொன்று. குடும்பத்தாரும், மருந்து நின்றதைக் கண்டு எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணிப் பழைய வேலைச் சுமையை முழுவதும் அவர்மேல் ஏற்றாமலும், கண்ணாடிப் பாத்திரம்போல் பொத்திப் பொத்தி வைக்காமலும் இருக்கவேண்டும். ஓய்வுக் காலத்தின் பாரத்தில் பாதியை அவர்களே சுமக்கிறார்கள். அவர்களுடைய அச்சத்தையும் கேட்க யாராவது வேண்டும்.

ஒரே மூச்சில் நிறுத்துவது சிலருக்குக் கலக்கமாயிருக்கும். இங்கிலாந்தில் ரிச்சர்டு கிளார்க் தலைமையில் நடந்த பரிசோதனையில், முதலில் ஓராண்டு பாதி அளவு மருந்து, பிறகு முழு நிறுத்தம் என்று செய்து பார்த்தார்கள். 0.01க்குக் கீழே நிலைத்திருந்து இவ்வாறு படிப்படியாக நிறுத்தியவர்களில், முழுவதும் நிறுத்தி இரண்டாண்டு ஆகும்வரை நூற்றுக்கு 72 பேர் நோய்க்குறி திரும்பாமல் இருந்தார்கள். பாதி அளவிலேயே பலருக்குத் தொல்லைகளும் தணிந்தன. உடம்புக்கும் மனத்துக்கும் இசைந்த இந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இதுவரை சொன்னதை எல்லா ரத்தப் புற்றுநோய்களுக்கும் பொதுவாக எடுத்துக்கொண்டால் விபரீதம் விளையும். குழந்தைகளுக்கு வரும் தீவிர லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவில், நோய்க்குறி முழுவதும் மறைந்த பின்னும் ஏறத்தாழ இரண்டாண்டு மாத்திரை தொடர்வதே குணமாவதற்கு வழி; நடுவில் ஓய்வு கொடுத்தால் நோய் மீளும். முதியவர்களுக்கு வரும் நாட்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியாவில் வெனிடோகிளாக்ஸ் போன்றவற்றைக் குறித்த காலத்துக்குக் கொடுத்து நிறுத்துவது வழக்கமாகி வருகிறது. அங்கும் ஆண்டுக்கணக்கான ஓய்வு கிடைக்கிறது, ஆயினும் பலருக்கு நோய் பிறகு திரும்பி, மீண்டும் சிகிச்சை வேண்டியிருக்கிறது. மைலோமா என்னும் மஜ்ஜைப் புற்றுநோயில் நிலைமை இன்னும் சிக்கலானது. தம் வியாதி எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை அறியாமல் பிறருடைய ஓய்வைத் தமக்கும் விரும்புவது கூடாது.

நிறுத்தியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மாத்திரைக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. அவர்களுக்குச் சொல்லவேண்டியதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். எண் உயர்ந்ததற்குக் காரணம் அவர்கள் உண்ட உணவோ, பட்ட கவலையோ, செய்த வேலையோ அன்று. மண்ணில் மிஞ்சிய கோரைக் கிழங்குபோல் உடம்பில் மிஞ்சியிருந்த மூல அணுக்களே. பழைய மாத்திரையைத் தொடங்கியவுடன் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் எண் மீண்டும் 0.1க்குக் கீழே இறங்கிவிடுகிறது. மிக அபூர்வமாகச் சிலருக்கு நோய் திடீரென உக்கிரமாகத் திரும்பியதாகப் பதிவுகள் உண்டு; மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்பதை, ஐந்தாண்டு கடந்துவிட்டது, பத்தாண்டு கடந்துவிட்டது என்று யாரும் கைவிடலாகாது என்பதற்கு அதுவே காரணம். திரும்பியவர்களுக்கு இரண்டாவது முறையும் கதவு அடைபடுவதில்லை. பிரான்ஸ் தேசத்தில் ஒருமுறை நிறுத்தித் தோற்று, மருந்தால் மறுபடியும் ஆழ்ந்த நிலையை அடைந்து, இரண்டாம் முறை நிறுத்திய 70 பேரைக் கவனித்தபோது, மூன்றாண்டு முடிவில் நூற்றுக்கு 35 பேர் மருந்தின்றியே இருந்தார்கள். முதல் முறை நிறுத்தியபோது மூன்று மாதம் வரையிலாவது ஆழ்ந்த நிலையில் தாக்குப்பிடித்தவர்களுக்கு இரண்டாம் முறையின் வாய்ப்பு மிக அதிகமாயிருந்தது. ஆகையால் முதல் முறை எடுத்த மாதாந்தர ரிப்போர்ட்டுகளை ஒன்றுவிடாமல் பத்திரப்படுத்தி வைத்திருந்து, மறுபடியும் ஆலோசிக்கும் நாளில் அவற்றை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டவேண்டும்.